சுறா எண்ணெய் குடித்த காற்றுத் துப்பாக்கி

பெரம்பூர் ரயில் ஒர்க்‌ஷாப்பில் நான் பிட்டராக இருந்த காலத்தில் என்னிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார ரயில் கார்டு ஒருவர் போகிற போக்கில் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையைத் தொட்டால் ஸ்பிரிங் பாய்ந்து காற்றைத் தள்ளும், காற்று ஈயக் குண்டைத் தள்ளும். வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது, அதனால் லைசென்ஸும் கிடையாது. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வந்தபோது அது வெறும் துருப்பிடித்த இரும்பு. மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். புது ஸ்பிரிங் சுற்றிப் போட்டேன். பழைய தேக்குப் பலகையில் என் தோளுக்கென்றே அளவெடுத்துக் கட்டை செதுக்கினேன். விசையை அரத்தால் ராவி ராவி, விரல் பட்டாலே விழும்படி செய்தேன். பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. அதைத்தான் பிள்ளையாக வைத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

என் பெண்சாதி சிரிக்கமாட்டாள், திட்டுவாள். "எனுக்கு ஒரு கை எண்ணெ வெச்சிவுட நாதியில்ல, இந்த சனியனுக்கு வாரா வாரம் எண்ணெக் குளியலு கேக்குது!"

எண்ணெய் எதற்கென்றால், ஸ்பிரிங்கின் முனையில் ஒரு தோல் வாஷர் உண்டு. அது காய்ந்தால் காற்று ஒழுகும். ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் ஒரு நாள் யோசனை சொன்னார். "சுறா எண்ணெ வுடு மாமு. எங்க படகே அதுலதான் நிக்குது. தோலு இன்னா, ஆயுசுக்கும் கெடாது." கொஞ்சமாக விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? அரை ஆழாக்கு ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்துச் சுட்டேன். டமார்! குழல் வாயில் நீலப் புகை. உள்ளே அழுந்திய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டது என்று பிட்டருக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் கொட்டாங்குச்சி இரண்டாகப் பிளந்துவிட்டதே! புத்தி கெட்டவன், இன்னும் ஐந்து முறை சுட்டேன்.

ஜனங்கள் கடற்கரையில் உப்புக் காய்ச்சப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. தகர டப்பா விழுந்தாலும் போலீஸ் ஓடிவரும். இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து துப்பாக்கியையும் என்னையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். லைசென்ஸில்லாத வெடித்துப்பாக்கி என்று எழுதிவிட்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவனுக்கு ரயில்வேயில் வேலை ஏது?

"வெறும் காத்துங்க ஐயா" என்றேன்.

"காத்துல சுடற துப்பாக்கிக்குப் புகை எதுக்குய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுட்டுக்காட்டுகிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன். மூலையிலிருந்த மணல் வாளியைக் காட்டினார்கள். இந்த ஒரு தடவை 'டப்' என்று மட்டும் சொல்லு, தாயே, என்று கும்பிட்டு விசையைத் தொட்டேன். டமார்! இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

பின்னாலேயே ஓடிவந்திருந்த என் பெண்சாதி வாசலில் நின்று கத்தினாள். "மோந்து பாருங்க சாமி! மருந்து நாத்தமா அது? மீன் நாத்தம்!"

அவர் முகர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்னய்யா புது மருந்து?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எண்ணெ எரிஞ்சி தீர்ற நேரங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு சுட வுடுங்க, அடங்கிடும்."

"என் ஸ்டேஷன்லயே இன்னொரு வெடியா?" கடைசியில் அவருக்கே மனசு இரங்கியது. "கேஸ் வேணாம்னா குழலை அறுத்துடு."

வீட்டிலிருந்து என் ரம்பத்தையே கொண்டுவரச் செய்தார்கள். மேஜை விளிம்பில் வைத்து நானே அறுத்தேன். கோணலாக அறுக்கக் கை வரவில்லை. பாதிக் குழல் நேர்த்தியாகத் துண்டாகிக் கீழே விழுந்தது. பிசிறை ராவ அரத்தைத் தேடினேன். "போதும்யா" என்றார்.

பிறகு, "செத்துச்சான்னு சுட்டுக் காட்டு" என்றார்.

மிச்சக் குழலை மடக்க முழு பலமும் வேண்டியிருந்தது. சுட்டேன்.

'டப்.'

புகை இல்லை. மணல் கூட அதிகம் சிதறவில்லை. மூன்று வருஷமாக என் கொல்லையில் கேட்ட அதே சத்தம்.

"பாத்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர், திருப்தியாக. "அறுத்ததும் சரியாயிடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். என் பெண்சாதி உள்ளே வந்து என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். கும்பிடு போட்டுவிட்டு, கீழே கிடந்த துண்டை எடுத்துக்கொண்டேன்.