கம்ப்யூட்டர் எனக்கு வரவில்லை என்று சொன்ன நாட்கள்

ரிட்டயர் ஆன பிறகும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸை விட்டு எங்களை யாரும் கிளப்பவில்லை. காரணம் என் மனைவி. அவளுக்கு எங்கள் சுரங்க ஆபீஸில் இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்தது. வீட்டை அவள் பேருக்கு மாற்றிக்கொண்டோம். முப்பத்து நாலு வருஷம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டிய மனுஷன், கடைசியில் பெண்டாட்டி வீட்டில் குடியிருக்கிறேன் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். "செடிக்குத் தண்ணி ஊத்தி, வாசலப் பெருக்கினா இருந்துட்டுப் போங்க" என்பாள்.

எங்கள் ஒரே மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவளுக்குப் பிரசவத்துக்கு நாள் நெருங்கியது. மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. என் மனைவி போனால்தான் உண்டு. விசா வந்துவிட்டது, லீவும் கிடைத்துவிட்டது, டிக்கெட் மட்டும் போடவில்லை. காரணம் நான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மூன்று மாதம் நான் மட்டும் இங்கே.

"தெனம் காலையில மாத்திரை போட்டாச்சுன்னு எனக்கு மெயில் வரணும். சாயங்காலம் உங்க மூஞ்சிய நான் பாக்கணும். இது ரெண்டும் யார் தயவும் இல்லாம நீங்களா பண்ணக் கத்துக்கிட்டாத்தான் நான் பிளேன் ஏறுவேன்" என்றாள்.

டச் போன் எனக்கு ஆகாது. பெல்ட்டும் கிரீஸும் தேய்த்த என் விரலை அது விரலாகவே மதிப்பதில்லை. எதையோ தொட்டால் எதையோ திறக்கும். அதனால் மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரைத் துடைத்து மேஜைமேல் வைத்தோம். அவள் ஆபீஸ் வேலையை ஏசி ரூமில் உட்கார்ந்து தட்டுகிற வேலை என்று இருபது வருஷம் கிண்டல் செய்திருக்கிறேன். அவளே அந்தத் தட்டுகிற வேலையைக் கற்றுக்கொடுக்க என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். தீர்க்கவில்லை. பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

முதல் நாளே சிரிப்பாய்ச் சிரித்தது. சுரங்கத்தில் பெல்ட்டை ஓட விடுவதற்கு முன்னால் ஹூட்டர் அடிக்க வேண்டும், யாராவது மேலே நிற்கிறார்களா என்று சத்தம் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், பட்டனை அமுக்குவதற்கு முன்னால் என்னையறியாமல் கத்திவிட்டேன்: "ஸ்டார்ட் பண்றேன்!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "பண்ணுங்க, உள்ள யாரும் இல்ல."

மிஷினை விட்டு எழுந்தால் சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் எழ வேண்டும் என்பதும் எங்கள் பழக்கம். டீ குடிக்க எழுந்தாலும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். அரை மணி நேரம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்த கடிதம் மூன்று முறை மாயமாய்ப் போனது. நான்காவது முறை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இது கன்வேயர் இல்ல. இதுல யார் கையும் மாட்டிக்காது."

இன்னொரு பழக்கத்தையும் நான் விடவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி வைத்து, சுரங்கத்தில் ஷிப்டு முடியும்போது எழுதுவதைப் போலவே எழுதினேன். எத்தனை மணிக்கு ஸ்டார்ட், எத்தனை மணிக்கு நிறுத்தம், என்ன கோளாறு, என்ன செய்தோம். "10.20 ஸ்டார்ட். 10.35 அம்புக்குறி காணவில்லை. 10.50 கிடைத்தது." இப்படிப் போகும். மனைவி அந்த நோட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பொழுதுபோகாத கிழவனின் விளையாட்டு என்று விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. அவள் ஆபீஸ் போயிருந்தாள். நானே திறந்து, நானே அடித்து, என் பேருக்கே ஒரு மெயில் அனுப்பினேன். அடுத்த நிமிஷம் அது வந்து நின்றது. திரும்ப ஒன்று அனுப்பினேன். அதுவும் வந்தது. வீடியோவைத் திறந்து என் மூஞ்சியையே பார்த்தேன். தலைமுடி வாராமல், சட்டை பட்டன் மாறிப்போட்டு, இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தேன். முதல்முதலாகத் தனியாக பெல்ட்டை ஓட்டிய அன்றைக்குக்கூட இத்தனை சந்தோஷம் இல்லை.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் சொல்லிவிடலாம் என்று வாசலுக்குப் போனேன். கையில் காய்கறிப் பையோடு நின்றாள். வேர்த்திருந்தது. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்கு உறைத்தது. வந்துவிட்டது என்று சொன்னால் இவள் போய்விடுவாள். மூன்று மாதம் இந்த வாசலில் செருப்புச் சத்தம் கேட்காது. ராத்திரியில் நெஞ்சு லேசாகப் பிடித்தால் எழுப்ப ஆள் இருக்காது.

"இன்னிக்கும் வரலம்மா" என்றேன்.

அன்றிலிருந்து நடிப்புதான். சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அம்புக்குறியைத் தொலைப்பேன். பாஸ்வேர்டை மறப்பேன். "வயசாயிடுச்சு, மண்டையில ஏற மாட்டேங்குது" என்று தலையில் தட்டிக்கொள்வேன். அவளும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஆனால் நோட்டில் மட்டும் பொய் எழுத வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பார்க்காத ரோலரைப் பார்த்துவிட்டதாக ஷிப்டு புத்தகத்தில் எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அதை நம்பி அடுத்த ஷிப்டில் கை வைத்தவருக்கு இரண்டு விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் திட்டவில்லை. "நீதான் எழுதினியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு வாயால் எத்தனையோ புளுகியிருக்கிறேன், எழுத்தால் புளுகியதில்லை. அதனால் பகலில் நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "மெயில் இரண்டு, தனியாக அனுப்பப்பட்டது. கோளாறு இல்லை." சாயங்காலம் அதே நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடித்தேன்.

பத்து நாள் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினாள்.

"என்னம்மா முடிவு பண்ணினீங்க?"

"அப்பாவுக்கு இன்னும் வரல கண்ணு. இன்னும் ஒரு வாரம் பாக்கறேன்."

மகள் உடனே, "பரவால்லம்மா. அப்பாவ விட்டுட்டு வர வேணாம். இங்க நர்ஸெல்லாம் நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றாள். சின்ன வயசில் ஊசி போடும்போது வலிக்கவில்லை என்று சொல்வாளே, அதே குரல்.

போன் வைத்ததும் எழுந்து போய் அந்த நோட்டை எடுத்துவந்து மனைவி முன்னால் வைத்தேன். "நான் ஒரு திருட்டுப்பயம்மா. எனக்கு எல்லாம் வருது. பத்து நாளா ஒங்கிட்ட பொய் சொல்லிக்கினு இருக்கறேன். இதுல இருக்குது பாரு."

அவள் நோட்டைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து உங்களுக்கு வருது. டெய்லி காலையில நீங்க குளிக்கப் போனதும் படிச்சிட்டுத்தான் ஆபீஸ் போறேன். ரெஜிஸ்டர் படிக்கறதுதானே என் வேல."

"தெரிஞ்சுக்கினே ஏம்மா கேக்கல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கேட்டா, கத்துக்கிட்டேன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் நான் போய்த்தானே ஆகணும்? அங்க உட்காந்துக்கிட்டு ஒருநாள் மெயில் வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

அத்தனை சாயங்காலமும் அவள் எனக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. இரண்டு பேருமே நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அங்கே ஒருத்தி நிறைமாதத்தில் காத்துக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள்மேல் சொல்ல முடியாத பிரியமாகவும் இருந்தது.

நான் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவளும் வந்து பின்னால் நின்றாள். மகளின் முகவரியைப் போட்டேன். அதுவரை என் பேருக்கேதான் அனுப்பியிருக்கிறேன். இன்னொருவருக்கு அனுப்புவது அதுதான் முதல்முறை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். "அம்மா வருகிறாள். இன்றைக்கே டிக்கெட் போடு. எனக்கு ஒரு பயமும் இல்லை. அப்பா."

அவள் குனிந்து படித்தாள். "இதெல்லாம் நெசந்தானா?" என்றாள்.

மொத்தமாக அழிக்க எனக்குத் தெரியாது. "அப்பா" என்பதிலிருந்து தொடங்கிப் பின்னாலேயே ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டு போனேன். அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு "டிக்கெட் போடு" என்பதற்குப் பின்னால் வேறு எழுதினேன். "எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான். ஆனாலும் வருகிறாள். அப்பா."

இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.