ஆவூரில் ஆடிய உலகக் கோப்பை

ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த தைரியநாதன் பெரிய உதைபந்துப் பைத்தியம். பெரிய ஆட்டம் எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரில் படித்ததுதான் எல்லாம். ஊருக்கு வந்த ஒரே பேப்பர் அது. சாயங்காலம் குழந்தைசாமியின் காப்பிக் கடையில் அதை அவர் தமிழில் படித்துச் சொல்வார், ஊர் கேட்கும். பங்குச் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக்கூட அவ்வளவு அமைதி கிடைத்ததில்லை.

1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் பையன்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டை விட்டார்கள். இரண்டு வருஷமாகியும் வாத்தியாருக்கு அது செரிக்கவில்லை. அதனால் பிரேசிலில் நடக்கவிருந்த 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றதும் ஆளே மாறிப்போனார். எதிர்த்து ஆட வேண்டியவர்கள் விலகிக்கொண்டதால், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கிடைத்த தகுதி அது.

"நம்மளோட மோதப் பயந்து ஓடிட்டாங்க," என்று அவர் அதற்கு விளக்கம் சொன்னார்.

ஊர் நம்பியது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே மூன்றோடும் இந்தியா ஆட வேண்டும் என்பதையும் அவர் படித்துச் சொல்லியிருந்தார். பிரேசிலில் இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று மாதா கோயிலில் பாடற்பூசை வைத்தார்கள். குழந்தைசாமி தன் பங்குக்குப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைத்தார்.

பூசை முடிந்த மறுநாள் பேப்பரின் ஆறாம் பக்கத்து அடியில் நாலே வரி இருந்தது. இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லை.

வாத்தியார் அதை மூன்று முறை படித்தார். அன்று கடையில் அரிசி ரேஷன் செய்தியை மட்டும் படித்துவிட்டு எழுந்துகொண்டார். அடுத்தவன் பயந்து ஓடினான் என்று சொன்ன வாயால், நாமே போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் பூசை வைத்த ஊரிடம்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் போட்டியே தொடங்கிவிட்டது.

"இத்தாலியோட என்னங்க ஆச்சு?" என்று கேட்டார் குழந்தைசாமி.

"ஒண்ணுக்கு சைபர். தோத்துட்டோம்," என்றார் வாத்தியார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு வியர்த்தது. வீட்டுக்கு நடக்கும்போது கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டார். நாடு ஜெயித்ததாகப் பொய் சொன்னால் அதில் அகங்காரமும் சேரும். அது சாவான பாவம், நேரே நரகம். தோற்றதாகச் சொன்னால் அற்பப் பாவம்தான், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் நாலு அருள்நிறை மந்திரம் சொல்வதோடு போய்விடும். ஆக, எப்பாடு பட்டாவது இந்தியாவை ஜெயிக்க விடக்கூடாது. அடுத்த ஆட்டத்தை ஸ்வீடனோடு சமமாக முடித்தார். சமன் எந்தப் பாவத்தில் சேரும் என்று ஞானோபதேசப் புத்தகத்தில் சொல்லவில்லை.

கடையில் இடம் போதவில்லை. கொரியாவில் யுத்தம் மூண்டது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் கிடந்தது. அதைக் கேட்க ஆளில்லை.

கடைசி ஆட்டம் பராகுவேயோடு. இரண்டு பேரும் ஒவ்வொரு கோல் போட்டுவிட்டார்கள். வாத்தியாருக்கு வர்ணனை கைவந்துவிட்டது. நிதானமாக ஆட்டத்தை நடத்தினார். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை ஏன் கொடுத்தோம் என்று வாத்தியாருக்கே தெரியாது. குழந்தைசாமி காப்பி ஆற்றுவதை நிறுத்தினார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், லண்டனில் விட்டதெல்லாம் ஆவூரில் திரும்பி வந்துவிடும். வார்த்தை உதடு வரை வந்தது.

"கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சு," என்றார்.

திரும்பிய பந்தைக் கொண்டுபோய்ப் பராகுவே கோல் போட்டதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோனது.

"விடுங்க வாத்தியாரே. வெறுங்காலோட போயி இம்புட்டு ஆடுனதே பெருசுங்க," என்றார் குழந்தைசாமி. "அந்த ரெப்ரிப் பயதான் சரியில்ல."

ரெப்ரியைப் பற்றி வாத்தியார் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் மனைவி இன்னாசியம்மாள் சோறு போட்டு வைத்தார். வாத்தியார் கை வைக்கவில்லை.

"பசிக்கல. தோத்துட்டோம்ல."

இன்னாசியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணாடி இல்லாம ஒங்களுக்குக் காலண்டர்ல தேதியே தெரியாது. இந்த மூணு ஆட்டத்துக்கும் கண்ணாடி இங்க பொட்டிக்குள்ளதான் கெடந்துச்சு."

வாத்தியாரின் கை சட்டைப் பையைத் தடவியது.

"ஒங்க வாயிலதான இருந்துச்சு," என்றார் அந்த அம்மாள். "அந்த ஒரு கோலப் போட விட்டிருக்கலாம்ல. அந்தப் புள்ளைங்க பாவம்."

"அவங்க அங்க போகவே இல்ல, இன்னாசி," என்றார் வாத்தியார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னதும் கண்ணில் நீர் முட்டியது. "போயிருந்தா ஜெயிச்சிருப்போம்."