மாமனாருக்குப் போய்ச் சேர்ந்த திட்டு

எனக்கு ஒரு குரு இருக்கிறார். அது அவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில், சாவிக்கொத்துக்கும் ஆதார் நகல்களுக்கும் நடுவே போனைச் சாய்த்து வைத்து, அவர் நடித்ததை எல்லாம் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்தபடியே பார்த்து முடித்தவன் நான். காமெடி நடிகர், எழுதவும் எழுதுவார். ரொம்ப காலம் அவருக்குக் கிடைத்தவை போஸ்ட்மேன், பாதிரியார், விருந்தாளி மடியில் சூப்பைக் கொட்டுகிற சர்வர். ஒரு கட்டத்தில், யாரும் தராத வேடத்தைத் தானே எழுதித் தானே நடிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்த நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது.

நானும் அதே பாதையில்தான் போனேன். முதல் பாதியை மட்டும் அச்சுப் பிசகாமல் பின்பற்றினேன்.

என் முதல் வேடம் ஒரு கை. உள்ளூர் கேபிள் டிவியில் நகைக்கடை விளம்பரம். நெக்லஸ் பெட்டியை நீட்டுகிற மாப்பிள்ளைக்கு முகம் நன்றாக இருந்தது, கையில் சிரங்கு. ஆகவே முகம் அவருடையது, கை என்னுடையது. தெருவில் எல்லோரும் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். நகத்தில் அழுக்கு இருந்ததாம். அடுத்து ஐதராபாத்தில் ஒரு சீரியல். ஓடி வந்து, "அய்யகாரு!" என்று மூச்சிரைக்க வேண்டும். என்ன நடந்தது என்பதைப் பின்னாலேயே ஓடி வருகிற இன்னொருவர் சொல்லுவார். அவருக்குச் சம்பளம் அதிகம். சென்னையில் வாய்ப்புக் கேட்டுப் போனால், உன் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கிறது என்றார்கள். ஐதராபாத்தில், உன் தெலுங்கில் தமிழ் வாடை என்றார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் இல்ல, பெனாயில் வாட" என்றாள். லாட்ஜில் அன்றைக்குக் கூட்டுகிற ஆள் வரவில்லை.

இந்த லட்சணத்தில் கல்யாணம் ஆகி ஆறு வருஷம். மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாமனாருக்கு நாராயணவனத்தில் நிலம், கூடவே ஓர் உரக்கடையில் பாதிப் பங்கு. பொங்கலுக்குப் போயிருந்தபோது என் இலையில் இரண்டாவது வடையை வைத்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"மாப்ள, ஜாத்திர வரிக்கும் பாருங்க. அதுக்குள்ள எதனா ஆச்சின்னா சந்தோசம். இல்லாங்காட்டி வீட்ட காலி பண்ணிக்கினு கடைக்கு வந்துடுங்க. கல்லாவுல ஒக்காந்துக்கினு யூரியா வித்தாலும் கவுரவமாத்தான் கீது."

"மாமா, ஒரு வார்த்த யோசிச்சி..." என்று நான் இழுப்பதற்குள் மனைவி, "சரி நைனா" என்று சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. ஒரு கையோடு எத்தனை வருஷம்தான் குடும்பம் நடத்துவாள்?

ஊர் அம்மன் திருவிழா, அதுதான் ஜாத்திரை, வந்துவிட்டது. எதனாவும் ஆகவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினோம், துணிகளைப் போர்வையில் முடிந்தோம். திட்டுகிற நாள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால், அன்றைக்கே குட்டியானையோடு வந்து சாமானை ஏற்றிக்கொள்வதாக மாமனார் சொல்லிவிட்டார். குட்டியானை என்றால் நாலு சக்கரம் உள்ளது. திருப்பதியில் இரண்டு வகையும் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

திட்டுகிற நாள் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கங்கம்மா ஜாத்திரையில் வேண்டுதல் உள்ள ஆண்கள் நாளுக்கொரு வேடம் போடுவார்கள். அதில் ஒரு நாள் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, கழுத்தில் மாலையும் கையில் வேப்பிலையுமாகக் கோயிலுக்குப் போகிற வேடம். போகிற வழியில் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். வாங்குகிறவர் கோபப்படக் கூடாது. மற்ற தெருக்களில் எப்படியோ, எங்கள் தெருவில் விடுபட்டுப் போனவருக்குத்தான் கோபம் வரும். அம்மன் கண்ணில் இந்த வருஷம் நாம் படவில்லையோ என்று சாப்பாடு இறங்காது.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. வேடம் போடுகிற ஆட்களுக்குக் கெட்ட வார்த்தை தெரியும், திட்டத் தெரியாது. ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருக்கும் நண்பன்தான் முதலில் என்னிடம் வந்தான். லாட்ஜ் ரிசப்ஷனில் நான் காமெடி எழுதிக் கிழித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறான்.

"அன்னா, கெட்ட வார்த்த என்கிட்டயே ஸ்டாக் கீது. நடுவுல போடறதுக்கு விசயம்தான் இல்ல. நீதான் எழுத்துக்காரன் ஆச்சே, எதனா எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். தெரு சிரித்தது. அடுத்த வருஷம் நாலு பேர் வந்தார்கள். என் எழுத்துக்கு உலகத்தில் ஓயாத கிராக்கி இருந்தது அந்த ஒரு தெருவில், வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

இந்த வருஷம் மாடியிலிருந்து வீட்டுக்காரரே இறங்கி வந்தார். பேச்சைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பவர்.

"ஏமய்யா, இது நியாயமா? போன வருசம் எதிர்வீட்டு ஆளுக்கு ஏழு வரி. எனக்கு ரெண்டு வரி. எழுத்துக்காரன் குடியிருக்கறது என் வீட்டுல!"

"இந்த வருசம் ஒரு பக்கம் எழுதறேன் சார்."

"ரெண்டு பக்கமா இருந்தாலும் பர்வாலேது."

உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. வழுக்கை என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை வைத்துத்தான் போன வருஷம் இரண்டு வரி. அப்போது குருவின் வழி ஞாபகம் வந்தது. அவருடைய வேடிக்கை எல்லாம் அவர் வீட்டுக் கூடத்திலிருந்தே எழுந்து வந்த மாதிரி இருக்கும். என் குடும்பத்தில், என்னை விட்டால், பார்த்துச் சிரிக்கத் தகுந்தவர் ஒருவர்தான். மாமனாரைப் பிட்டுப் பிட்டு வைத்தேன். பேனா நிற்கவே இல்லை. எப்படியும் திட்டு வீட்டுக்காரர் கணக்கில்தான் போகப் போகிறது. மாமனார் வருவது மத்தியானம். அதற்குள் வேடங்கள் எல்லாம் கோயிலுக்குப் போயிருக்கும். வெல்டர் மனப்பாடம் பண்ணிக்கொண்டான். போன வருஷம் அந்த இரண்டு வரியைச் சொன்னது வேறு ஆள்; இவன் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை. "பச்ச கேட்டு, வெள்ள வேட்டி, வயசானவரு. வாசல்லயே நிப்பாரு" என்று அடையாளம் சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் வருகிறேன் என்றால் காலை எட்டு மணிக்கு வந்து நிற்கிறவர் என் மாமனார் என்பதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அதையும்கூட அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

தெருமுனையிலேயே கூட்டம் குட்டியானையை மறித்துவிட்டது. மாமனார் இறங்கி நடந்தார். கூட்டத்தில் செருப்புப் போய்விடும் என்று கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பச்சைக் கேட்டுக்கு வரும்போது பையில் போன் அடித்தது. ஓரம் கட்டச் சொல்கிறார்களே என்று டிரைவர் கூப்பிட்டிருக்கிறார். மாமனார் அந்தப் போனில் சாமி பாட்டு வைத்திருக்கிறார். பாதியில் அறுத்தால் பாவம் என்று, பாட்டு முடிகிறவரை எடுக்க மாட்டார். வாசலில் நின்று, கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மாடியில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வெல்டர் வந்து சேர்ந்தான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எழுதிக் கொடுத்தது எழுத்துக்கு எழுத்து எதிரே நின்றுகொண்டிருந்ததே!

பறைச் சத்தம் கேட்டு, கட்டிக்கொண்டிருந்த சாக்குக் கயிற்றோடு நான் வெளியே ஓடி வந்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டான். அச்சில் வரக்கூடியதை மட்டும் தருகிறேன்.

"டேய் கெழவா! செருப்பக் கால்ல போட்டுக்கினு நடப்பானா, அக்குள்ள வச்சிக்கினு நடப்பானா? பஸ்ஸுல ஏறுனா அது மேலயே ஒக்காந்துக்குவ! திருட வந்தவன் அதப் பாத்தான்னா, ஐயோ பாவம்னு தன் செருப்ப உனக்கு வச்சிட்டுப் போவான்டா!"

தெரு சிரித்தது.

"போன் அடிச்சா எடுக்கணும்டா! நீ பாட்டு கேட்டுக்கினு கீற! ஊருல எழவு வுழுந்தாலும் உனக்குச் சேதி சரணம் முடிஞ்சாத்தான் தெரியும்!"

போன் அப்போதும் பாடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன் போல என்று நினைத்து அவன் இன்னும் குரலை ஏற்றினான்.

"தாம்பூலப் பைல தேங்கா குடுத்தா வாங்கிக்கினு போவியா? ஆட்டிப் பாப்ப! தண்ணி சத்தம் இல்லன்னா திரும்பப் போயி மாத்துவ! பெத்த பொண்ணு கல்யாணத்துலயே மாத்துன ஆளு உலகத்துல நீ ஒருத்தன்தான்டா!"

பின்னால் சாக்குமூட்டை ஒன்று விழுந்தது. மனைவி கையிலிருந்துதான். அது அவளுடைய கல்யாணம்.

மாமனார் செருப்பைக் கீழே போட்டார். இரண்டு கையையும் கூப்பிக் கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டார். வேடம் போட்டவனிடம் குங்குமம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 

அப்போதுதான் மாடியிலிருந்து வீட்டுக்காரர் புது வேட்டி சரசரக்க இறங்கி வந்தார்.

"ஆ, வந்துட்டியா நாயனா! கானி, ஆரம்பி, திட்டு!"

வெல்டர் திருதிருவென்று விழித்தான். "இப்பதான சார் முடிச்சேன்?"

"யாருக்கு? நாதி ஏதிரா? என் திட்ட எவன் வாங்குனது?"

வெல்டர் மாமனாரைக் காட்டினான். பிறகு, தேவையே இல்லாமல், என்னைக் காட்டினான். "அன்னாதான எழுதிக் குடுத்துச்சி. பச்ச கேட்டு, வெள்ள வேட்டின்னு." அவசரத்துக்கு வீட்டுக்காரரைப் பார்த்து, "டேய் மொட்ட!" என்று மட்டும் கத்திவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான். போன வருஷம் இரண்டு வரி. இந்த வருஷம் இரண்டு வார்த்தை.

மாமனார் உள்ளே வந்து கட்டிவைத்த மூட்டை மேல் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அவள் கொடுத்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

"மாமா, அது வந்து, உங்களுக்குன்னு எழுதல..."

"தேங்கா மூணு வாட்டி மாத்தனேன் மாப்ள" என்றார் மாமனார்.

"இன்னா மாமா?"

"ஒரு வாட்டின்னு எழுதிக்கிறீங்க. மூணு வாட்டி. மூணாவது வாட்டி போறேன், பை குடுக்கற ஆளு என்னப் பாத்துட்டு டேபிளுக்கு அடியில பூந்துக்கினான். அத வுட்டுட்டீங்களே."

இது மன்னிப்பா, விசாரணையா என்று பிடிபடவில்லை. மனைவியின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தும்மல் மாதிரி வெடித்தது. "ஆமா நைனா, அவன நான் மேடைலர்ந்து பாத்தேன்!" மாமனாரும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதி சிரித்தேன்.

வாசலில் ஹாரன் அடித்தது. கூட்டம் கலைந்து குட்டியானை வந்து நின்றிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, "பெத்தாயனா, சாமான் ஏத்தலாமா?" என்று கேட்டார்.

மாமனார் மூட்டைகளைப் பார்த்தார். கயிறும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். அதுவரை இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்து, அந்த இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அம்மா" என்றார் மகளிடம், குரலைத் தணித்து. "வருசத்துக்கு ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்து துன்னுட்டுப் போற மனுசன். அதுலயே ஒரு பக்கம் எழுதிக்கிறாரு. கடைல தெனம் எதுருக்க ஒக்கார வச்சிக்கினா?"

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கணக்கு டீச்சர், மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருப்பாள்.

"என் பங்காளி வேற கீறான். அவன் உரம் எட போடறதப் பாத்தாருன்னா புக்கே போட்டுடுவாரு. வேணாம்மா. லாட்ஜி கீது, நீ சம்பாரிக்கிற. இவரு இங்கயே இருந்து பண்றதப் பண்ணட்டும்." டிரைவரைப் பார்த்து, "ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லப்பா, வண்டியத் திருப்பு" என்றார்.

ஆறு வருஷம் கெஞ்சியும் கிடைக்காத அனுமதி அப்படிக் கிடைத்தது. என் திறமையை மெச்சி அல்ல. அந்தத் திறமை ஒரு இருபது மைல் தள்ளியே இருக்கட்டும் என்று.

அவர் போன பிறகு மூட்டைகளைப் பிரித்தோம். மனைவி பாத்திரங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். கடைசித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னப் பத்தி எதனா எழுதி வச்சிக்கிறியா?"

"சேச்சே" என்றேன்.

"எத்தினி பக்கம்?"