அப்பா வாங்கிய நீட்டு லென்ஸ்

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஓர் அநியாயம் நடந்தது. பிறகு தெரியவந்தவை எல்லாம் தெரிந்த பிறகும் அதை அநியாயம் என்றுதான் சொல்வேன். வாக்குக் கொடுத்தவர் அப்பா. கொடுத்த இடம் வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் குசினி. சோற்றைப் பிசைந்துகொண்டு, அம்மாவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்.

"செலக்டிவ் சோதினையில எடுபட்டியெண்டா, நீ கேக்கிற லென்ஸை வாங்கித் தருவன்."

நான் கேட்கிற லென்ஸ். தான் கேட்கிற லென்ஸ் என்று அவர் சொல்லவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் சில இருக்கின்றன. அவற்றுக்கான சோதனைக்குப் பிள்ளையைத் தயார்படுத்தாத தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. இரண்டு வருடம் என் சனிக்கிழமைகள் ரியூசனில் போயின. மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போன நாட்களில் நான் முக்கோணங்களின் கோணங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த லென்ஸை நினைத்துத்தான் கூட்டினேன்.

என்னிடம் கமரா இருந்தது. அப்பாவோடு வேலை செய்தவர் புதிதொன்று வாங்கியபோது தன் பழையதை எனக்குத் தந்திருந்தார். அதனோடு பெட்டியிலேயே வந்த லென்ஸும் இருந்தது. அந்த லென்ஸ் எல்லாவற்றையும் எடுக்கும், எதையும் வடிவாக எடுக்காது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், படத்தில் அம்மா அம்மாவாக இருக்க மாட்டார், சட்டை நிறத்தில் ஒரு புகையாக இருப்பார்.

எனக்கு வேண்டியது ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான், விலையும் குறைவு. அதில் ஜூம் கிடையாது. ஒருவரைப் பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் நாங்கள்தான் கிட்டப் போக வேண்டும். ஆனால் அதன் வாய் அகலம், இருட்டு அறையிலும் இருக்கிற வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நான் அதைத் தெரிவுசெய்யவில்லை. பழைய லென்ஸின் ஜூம் வளையத்தை ஐம்பதில் நிறுத்தி, வெட்டுக்காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரால் ஒட்டி, ஒரு மாதம் முழுக்க அப்படியே படம் எடுத்துப் பார்த்தேன். பின்னால் நடந்து நடந்து குசினிக் கதவில் முழங்கையை உடைக்கப் பார்த்தேன். ஒரு மாத முடிவில் ஜூம் இல்லாமல் வாழலாம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் வாங்கிய எந்தப் பொருளுக்கும் யாரும் இவ்வளவு ஆராய்ச்சி செய்ததில்லை. அப்பா கார் வாங்கியது பக்கத்து வீட்டு அங்கிள் வைத்திருக்கிறார் என்பதற்காக.

சோதனையில் எடுபட்டேன். கோயிலில் அர்ச்சனை நடந்தது. அப்பா வேலையிடத்துக்குக் கேசரி கொண்டுபோனார். லென்ஸ் மட்டும் வரவில்லை. கேட்டால் "பாப்பம்" என்பார். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்றுதான் அர்த்தம், ஆனாலும் விடாமல் கேட்டேன். மாதக்கணக்கில் இழுத்துவிட்டு, தேர்த் திருவிழாவுக்கு முதல் வாரச் சனிக்கிழமை காலையில் திடீரென்று ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தார்.

"வெளிக்கிடு பிள்ளை. பரமட்டாவுக்குப் போய் லென்ஸ் வாங்குவம்."

ஏன் திடீரென்று இந்த அவசரம் என்று நான் யோசிக்கவில்லை. பிள்ளைக்கு லென்ஸ் கிடைக்கிறபோது பிள்ளை ஏன் யோசிக்க வேண்டும்?

கடைக்காரப் பெண்ணுக்குத் தொழில் தெரிந்திருந்தது. நான் கேட்டதும் சின்ன லென்ஸை எடுத்து என் கமராவில் பூட்டித் தந்தாள். அப்பாவை எடுத்தேன். அவருடைய மூக்கும் கண்ணும் அவ்வளவு துல்லியமாக, பின்னால் இருந்த கடை முழுவதும் மங்கலாக, வேறு யாரோ பெரிய மனிதர்போல இருந்தார். அப்பா அதைப் பார்த்து "வடிவா இருக்கு" என்றார். பிறகு அடுத்த தட்டில் கிடந்த நீட்டு லென்ஸைக் காட்டி, அது எவ்வளவு தூரத்துக்குப் பார்க்கும் என்று அவளிடம் கேட்டார்.

அந்த லென்ஸை எனக்குத் தெரியும். எட்டத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும், ஆனால் வாய் சின்னது. வீட்டுக்குள் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கள் சனத்தின் கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்கள். பெரிதாக இருந்தால் திறம் என்று நினைக்கிற ஆட்களுக்காகச் செய்த சாமான் என்பது அன்றைய என் முடிவு. அப்பா அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"முகம் தெரியுது," என்றார்.

"அப்பா, இது இருட்டு லென்ஸ். வீட்டுக்குள்ள ஒண்டும் எடுக்கேலாது."

"தேருக்குத்தானே எடுக்கப் போறாய். தேர் வெளியிலதானே வரும். நல்ல வெயிலாயும் இருக்கும்."

"தேரைக் கிட்டப் போய் எடுக்கலாம்தானே?"

"கிட்டப் போகேலாது," என்றார் அப்பா.

சன நெரிசலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான், வாங்கியாயிற்று. விலையும் என் லென்ஸைவிடக் கூட! என் இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளுக்கு அப்பா தனக்கு ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்பா ஆசைப்பட்டு வாங்கினது, விடு" என்றார். ஆருடைய பரிசுக்கு ஆருடைய ஆசை! நான் அன்று இரவுச் சாப்பாட்டை மறுத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை என்பது அந்த அநியாயத்தோடு சேர்ந்த இன்னொரு அநியாயம்.

தேர் நாள் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனோம். காரை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். வழக்கமாக அப்பா வந்ததும் வராததுமாகப் போட்டிருந்த சேட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வடம் பிடிக்கப் போய்விடுவார். அன்று போகவில்லை. தெரிந்தவர்கள் கூப்பிட்டும் போகவில்லை. வேலியோரம் ஒரு மரத்தடியில் என்னையும் கமராவையும் நிறுத்திவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றார். அம்மா உள்ளே போய்விட்டார்.

தேர் எங்களுக்கு இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சிதறு தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. நான் கமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். அப்பா என் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார்.

"அங்க, மோர் குடுக்கிற இடத்தில நிக்கிற சனத்தை எடு."

"ஆரை?"

"ஆக்களைத்தான். பச்சைச் சீலை ஒண்டு நிக்குதெல்லே, அந்தப் பக்கம்."

சாமி ஒரு பக்கம் வருகிறது, நான் மறுபக்கம் மோர் குடிக்கிற சனத்தைப் படம் எடுக்கிறேன். கோபத்தில் கண் கலங்கிவிட்டது. ஏனோ தானோவென்று பட்டனை அமர்த்தினேன். லென்ஸ் கனம், கையும் ஆடியது. பச்சைச் சீலைக்காரி கையில் ஒரு குழந்தை இருந்தது. அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு குழந்தையின் தொப்பியைக் கழற்றி, அதன் முகம் எங்களைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்தாள். கமராவைக் கண்டால் போதும், போஸ் கொடுக்க வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அதையும் எடுத்தேன்.

பிறகு அப்பா கமராவை வாங்கித் தன் கண்ணில் வைத்தார். வைத்தபடியே நின்றார், அமர்த்தவேயில்லை.

"அப்பா, அந்தப் பட்டனை அமத்த வேணும்."

"தெரியும். சும்மா பாக்கிறன்."

தேர் எங்களைக் கடந்து போனது. எல்லாரும் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வருடா வருடம் வடம் பிடித்த மனிதர் அன்று சாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது காரின் பின்சீற்றில் இருந்து படங்களைப் பார்த்தேன். முழுவதும் ஆட்டம். மோர்ச் சட்டி ஆடியிருந்தது, சனம் ஆடியிருந்தது. எனக்கு ஒரே சந்தோசம். வீட்டுக்குப் போய் அப்பாவின் முகத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டப் போகிறேன் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் அந்த ஒரு படம் வந்தது. பச்சைச் சீலைக்காரி, தூக்கிப் பிடித்த குழந்தை. இரண்டு பேருடைய இமை மயிரும் எண்ணலாம்போல இருந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அதுவரை எடுத்தவற்றிலேயே நல்ல படம் அதுதான். இன்றுவரை எடுத்தவற்றிலும்கூட அதுவாக இருக்கலாம்.

அப்பா இதைப் பார்த்தால், பார்த்தியோ, லென்ஸ் திறம்தானே என்பார். நான் தோற்றுவிடுவேன். அதனால் அழித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. நிச்சயமாக அழிக்கவா என்று கமரா ஒருமுறை கேட்டது. ஓம் என்று அமர்த்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உடுப்புக்கூட மாற்றவில்லை. ரீவியில் பூட்டச் சொன்னார். முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவும் ஈரக் கையோடு வந்து குசினி வாசலில் நின்றார். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்கள். அப்பா மறுபடியும் முதலில் இருந்து பார்த்தார்.

"இவ்வளவுதானோ பிள்ளை?"

"ஓம். உங்கட லென்ஸ் அவ்வளவுதான். எட்டத்தில இருந்து எடுத்தா எல்லாம் ஆடும். நான் அப்பவே சொன்னனான்."

அப்பா கதிரையை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அடுத்த சனிக்கிழமை நீட்டு லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்து, ஐம்பது மில்லிமீற்றரை வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். நான் வீடு முழுக்கத் துள்ளித் திரிந்தேன். நியாயம் வென்றுவிட்டது என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். அதற்குப் பிறகு அப்பா என் கமராவைத் தொட்டுப் பார்த்ததில்லை.

எட்டு வருடம் கழித்து அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. அம்மா யாரையும் கேட்காமல் யாருக்கோ போன் எடுத்தார். மறுநாள் பின்னேரம் ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒரு பெண் வந்தார், கூடவே பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன். அப்பா அவரைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தைபோல அழுதார். அம்மா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அது அப்பாவின் சொந்தத் தங்கச்சி, எனக்கு மாமி. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் வளர்த்து இங்கே கூப்பிட்டவர். அப்பா பேசிய மாப்பிள்ளையை வேண்டாமென்று, மாமி தான் விரும்பியவரைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறார். "இனி என்ர முகத்தில முழிக்காதை" என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது இரண்டு வயது. ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்து மாமிக்கு ஒரு பிள்ளை பிறந்த செய்தி, வேலையிடத்தில் யாரோ சொல்லி அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தேருக்குக் கொண்டுவருவார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது.

எனக்கு வந்ததே கோபம்! ஐம்பது அடி நடந்திருந்தால் முடிந்திருக்கும். கோயில் முற்றம் யாருடைய வீட்டு வாசலும் இல்லை. நடக்க ரோசம் விடவில்லை, அதற்கு ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறார், அதுவும் என்னுடைய பரிசில்! அம்மாவாவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வசனம் போதுமே. "அது உன்ர மாமி" என்று ஒரே ஒரு வசனம்.

உள்ளே போனபோது மாமி கட்டிலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"நீதானே அண்டைக்குத் தேரில என்னைப் படம் எடுத்தனீ? அண்ணா சொல்லித்தான் எடுக்கிறாய் எண்டு எனக்கு விளங்கிட்டுது. அதுதான் இவனைத் தூக்கிக் காட்டினனான். அண்ணா வீட்டில என்ர பிள்ளையின்ர படம் ஒண்டு இருக்கு எண்ட நினைப்பில எவ்வளவு நாள் இருந்தனான் தெரியுமே? எங்க, காட்டு பாப்பம்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் அப்பா, சத்தமே வராத குரலில், எனக்காகப் பரிந்துகொண்டு சொன்னார்.

"அது வடிவா வரேல்ல. லென்ஸ் சரியில்லை. பிள்ளை எனக்கு அப்பவே சொன்னது, நான்தான் கேக்கேல்ல."

பன்னிரண்டு வயதில், காரின் பின்சீற்றில், இந்த வசனத்தை அப்பாவின் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்றுதான் நான் அந்தப் படத்தை அழித்தேன். அதை அவர் யாருக்கு முன்னால் சொல்ல வேண்டிவரும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.