உதவிக்கு வந்தேன்

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அந்தத் தடைக்காலத்தில் இரண்டே வார்த்தை பேசினேன். அதற்கே என் மனைவி கூடுதலாகப் பல வாரம் மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. இன்னும் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

தடைக்காலம் என்றால் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத இரண்டு மாதம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விடுகிறார்கள். அது பொரிக்கிறதோ இல்லையோ, நாங்கள் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்வோம், பீடி குடிப்போம். எனக்குக் காசிமேட்டில் ஒரு படகில் வேலை. வீடு எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். பக்கத்தில் அனல்மின் நிலையம்; வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம். அதனால் எங்கள் வீட்டில் வெள்ளை வாங்குவதில்லை.

மனைவி மீன் விற்கிறாள். அவளுக்கு வீசிங். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு தெரு போனால், ஐந்தாவது தெருவில் மீன் வாங்க வந்தவர்களே அவளுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். மூச்சு இறுகினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி மூக்கில் மருந்துப் புகை வைத்துக்கொண்டு வர வேண்டும். வழியில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் போச்சு. லாரிக்காரனுக்கு அவள் மூச்சு கேட்காது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாள், வீட்டிலேயே அந்தப் புகை மிஷின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. காலடிப்பேட்டையில் ஒரு சென்டர் இருக்கிறதாம். ஒரு டிரஸ்ட்டு நடத்துகிறது. பிள்ளைகளுக்கு டியூஷன், பெண்களுக்குத் தையல், சனிக்கிழமை சனிக்கிழமை இல்லாதவர்களுக்கு அரிசி பருப்பு. வீசிங் மிஷினும் இரவல் தருகிறார்களாம். பெயர் எழுதி வைத்தால் வரிசைப்படி வீட்டுக்கே வரும்.

"நீ போய் எழுதிக்கினு வாய்யா" என்றாள் மனைவி. "சொம்மாதானே குந்திக்கினுகீற."

நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். அதுதான் முதல் தப்பு.

சென்டர் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் மினி லாரி. பெஞ்சில் நிறையப் பேர். மேசையில் ஒரு மேடம். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். எதிரில் இரண்டு நோட்டு.

"வாங்கண்ணா, என்ன விஷயமா வந்தீங்க?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "ஒதவிக்கு வந்தேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கேட்க வந்தவனைப் பார்த்து யாரும் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நல்ல பெண் என்று நினைத்தேன். இரண்டாவது நோட்டைத் திருப்பி என் பெயரை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னாள். மேலே பெரிய எழுத்தில் ஏதோ தலைப்பு இருந்தது. நான் நாலாவது வரைதான் படித்தேன். நீளமான வார்த்தையைப் பாதியில் விட்டுவிடுவேன். 'தன்' என்று மட்டும் படித்தேன். தன் தேவைக்கு வந்தவர்கள் என்று நானே முடித்துக்கொண்டேன். கையெழுத்தை மட்டும் அழகாகப் போட்டேன்.

"அண்ணா, லாரியில மூட்டை இருக்கு. உள்ள வெக்கணும்" என்றாள்.

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. படகிலும் அப்படித்தான். முதலில் வலையை இழு, கரைக்கு வந்தபின் குழம்புக்கு மீன் வாங்கிக்கொள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதில் ஒருவருக்குக் கால் இல்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

மூட்டையெல்லாம் இறக்கினேன். அரிசியைப் பையில் பிடித்தேன். வரிசையில் வந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு பெரியவர் பையை வாங்கிக்கொண்டு, "ரொம்ப டாங்க்ஸ் சார்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

மதியம் எல்லோரும் போனார்கள். எனக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. "ரொம்ப நன்றிண்ணா. அடுத்த சனிக்கிழமையும் வருவீங்கதானே?" என்றாள் மேடம்.

தலையாட்டினேன். வரிசை அடுத்த வாரம் போல என்று வீட்டுக்கு வந்தேன்.

"இன்னாய்யா ஆச்சு?"

"பேரு எழுதிக்கினாங்க."

"மிஷினு?"

"நம்பர் வரும்."

அடுத்த சனிக்கிழமை எனக்கு ஒரு நீல டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் அதே நீள வார்த்தை. அதைத் தையல் மிஷின் மேல் விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். தன். னார். வ. லர். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "இதுக்கு இன்னாமா அர்த்தம்?" என்றேன்.

"சம்பளம் வாங்காம சொம்மா வந்து வேல செய்யறவங்க அங்கிள்."

"சொம்மாவா?"

"சொம்மாதான். ஏன் அங்கிள், உங்களுக்கு எதனா குடுக்கறேன்னாங்களா?"

"இல்லம்மா" என்றேன். டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

அந்த நிமிடமே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தப்பு நடந்துபோச்சு, நான் அந்த நோட்டு இல்லை, இந்த நோட்டு என்று. பத்து வார்த்தை கூட ஆகாது. சொல்லவில்லை. வெட்கம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். வெட்கம் பாதிதான். மீதிப் பாதி அந்தப் பெரியவர் சொன்ன 'சார்'. எனக்கு அது பிடித்துப்போனது. முப்பது வருடமாகக் கடலில் என்னை என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதையும் இங்கே எழுத முடியாது.

அடுத்த சனி சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த சனி வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. வீட்டில் அவள் கேட்பதும் நான் சொல்வதும் மாறவில்லை.

"இன்னும் நம்பர் வர்லியா?"

"வரிசை பெர்சுமே."

"காத்தால போய் மத்தியானம் வரைக்கும் நிக்கிறியே, கால் வலிக்கல?"

"வலிக்குது" என்பேன். அது மட்டும் பொய் இல்லை.

இதற்குள் சென்டரில் எனக்குப் பதவி உயர்வு. மிஷின் அலமாரி என் பொறுப்பு. மொத்தம் மூன்று மிஷின். ஒரு வீட்டில் உடம்பு தேறி மிஷின் திரும்பி வந்தால், கழுவித் துடைத்து, அடுத்த பெயருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டுக் காட்ட வேண்டும். கூடவே ஒரு படிவம். அதில் இருந்த கேள்விகளை மேடம் ஒருமுறை படித்துக் காட்டினாள். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். வீட்டில் எத்தனை பேர், அடுப்பு எந்த அடுப்பு, வீட்டில் புகை பிடிப்பவர் உண்டா.

மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பீடியை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எனக்கும் பொறுப்பு உண்டு.

ராயபுரத்தில் ஒருவர். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். சுவரில் மாதா படம், கீழே கட்டில். மிஷினை மாட்டிவிட்டு, "வூட்ல பீடி சிகரெட்டு குடிக்கிறவங்க யாருனா கீறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் மாஸ்க்கைக் கழற்றினார். "நைனா, நீ வர்றதுக்கு முன்னாடியே உன் பீடி உள்ள வந்துடுச்சு."

"கேள்வி வூட்ல கீறவங்களுக்குதான் சார்."

"ஓ. வந்து போறவங்களுக்கு இல்லியா?"

"இல்ல சார்."

"நல்ல கேள்விதான்" என்று மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அந்தப் புகையோடு சேர்ந்து அவர் சிரிப்பும் வந்தது.

அவருக்குக் கொடுத்தது அந்தச் சனிக்கிழமை காலையில். அலமாரியில் கடைசியாக இருந்த மிஷின். திரும்பி வந்து டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அரிசிப் பக்கம் நின்றேன். நிமிர்ந்தால் பெஞ்சில் அடுத்த ஆளாக என் மனைவி.

முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சந்து முழுக்க நடந்து வந்திருக்கிறாள். நான் மூட்டைக்குப் பின்னால் குனிந்தேன். கடலில் எவ்வளவோ காற்றைப் பார்த்திருக்கிறேன். குனிந்ததில்லை.

"அண்ணா, அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றாள் மேடம்.

"அடுத்து" என்றேன், சுவரைப் பார்த்து.

"இன்னாய்யா, செவுத்தாண்ட பேசிக்கினுகீற?"

திரும்பினேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். டி-ஷர்ட்டில் பார்வை நின்றது.

"தெரிஞ்சவங்களாண்ணா?" என்றாள் மேடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "தெரியாது மேடம். எங்க வூட்ல ஒரு ஆளு கீறாரு. பாக்க இவுரு மாதிரியேதான் இருப்பாரு. ஆனா அவுரு நாலஞ்சு வாரமா இங்க வரிசையில நின்னுகினுகீறாரு. எனக்கு மிஷின் வாங்க. பாவம், கால் வலி." பாதிப் பேச்சில் மூச்சு இறுகி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் எழுந்து அவளை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னேன் மேடம். ஒதவிக்கு வந்தேன்னு சொன்னேன்."

அவள் இரண்டு நோட்டையும் பார்த்தாள். மெதுவாகக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா வேறு ஏதாவதா தெரியவில்லை.

"யாருக்குன்னு சொன்னியாய்யா?" என்றாள் மனைவி.

அதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. தமிழில் அப்படி ஒரு வசதி இருக்கிறது.

முதல் நோட்டில் அவள் பெயரை எழுதினார்கள். அவளுக்கு முன் இரண்டு பெயர். மேடம் எனக்காக மேலே ஏற்றி எழுதப் பார்த்தாள். மனைவி நோட்டின் மேல் கையை வைத்துவிட்டாள். "அவுங்களுக்கும் மூச்சுதானே மேடம் வாங்குது."

அன்று இரவலுக்குப் போயிருந்த மூன்று மிஷினில் இரண்டை நானேதான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். முதல் சனிக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அதில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்திருக்கும். இந்தக் கணக்குக்கு நாலாவது படிப்பு போதும்.

பெயர் வருவதற்குள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டாவது தடவை லாரி வரிசையில் ஆட்டோ நின்றுவிட்டது. அவள் உதடு நிறம் மாறியது. டிரைவர் இறங்கி லாரிகளை அதட்டி வழிவிடச் சொன்னார். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில் அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்பி, பேச முடியாமல், ஒரு விரலை மட்டும் காட்டினாள். நம்பர் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். அந்த நிலையிலும் கிண்டல்.

ராயபுரத்து ரயில்வேக்காரர் தேறிவிட்டார். அவருடைய மிஷின்தான் எங்களுக்கு வந்தது. மாஸ்க்கை வெந்நீரில் போட்டு எடுத்து, இரண்டு தடவை துடைத்தேன். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மேடம் கேட்கவில்லை. படிவத்தை என் கையில் வைத்தாள். டி-ஷர்ட்டோடு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வேறு. அவள்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"வாங்க சார்" என்றாள். "உள்ள வாங்க. செருப்ப அங்கியே உடுங்க."

"சொம்மா இருமே."

"எல்லா வூட்லயும் கேக்கறத இங்கியும் கேளு சார். நாங்களும் மனுசாளுங்கதானே."

உட்கார்ந்தேன். படிவத்தை விரித்தேன். வீட்டில் எத்தனை பேர். ரெண்டு பேர் சார். அடுப்பு எந்த அடுப்பு. கேஸ் சார். அடுத்த கேள்விக்குப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"கேளு சார். மனப்பாடம் மறந்துபோச்சா?"

"வூட்ல பீடி குடிக்கிறவங்க யாருனா கீறாங்களா?"

பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனைவி சிரிக்கவில்லை.

"கீறாரு. ஒருத்தரு" என்றாள்.

"நாளைக்கு எத்தினி?" என்று படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அத்த அவுரையே கேளு."

நான் எழுதினேன். உண்டு. மூன்றே எழுத்து. பாதியில் விடுவதற்கு வழியில்லை.

பிறகு மருந்தை ஊற்றி, மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். மிஷின் உறுமியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோள்பட்டை தூக்கித் தூக்கிப் போட்டது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றி, ஒரு முழு மூச்சு எடுத்து, அதை வீணாக்காமல் சொன்னாள்.

"அந்தப் பீடிக்கட்டையும் சென்டர்ல குட்த்துட்டு வாய்யா. அங்கதான் நீ எல்லாத்தையும் சொம்மா குடுக்கிறியே."

பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று குடிக்கவில்லை. மறுநாளைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.