கடல் வாங்கிக்கொள்ளாத மாலை

கல்லறைத் திருநாளன்று காரைக்காலில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். நாங்கள் மட்டும் கடற்கரைக்குப் போவோம். அப்பாவுக்குக் கல்லறை கிடையாது. எழுபதுகளில் விசைப்படகுகள் புதிதாக வந்திருந்த நேரம். அப்பா அவற்றின் இஞ்சினைப் பழுது பார்ப்பவர். சரிசெய்த இஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு படகில் ஏறிப் போனார். அன்று பிற்பகலே காற்று மாறியது. படகும் வரவில்லை, அதில் போன ஒருவரும் வரவில்லை. நீச்சல்கூடத் தெரியாத மனிதர்.

கடலில் போனவர்களுக்குப் பூ விடும் வழக்கத்தை அம்மா மீனவப் பெண்களிடமிருந்து தெரிந்துகொண்டாள். அலையைத் தாண்டிப் பூவைப் போட வேண்டும். பிறகு கரையில் நின்று பார்க்க வேண்டும். பூ கண்ணுக்கு மறைந்துவிட்டால் கடல் வாங்கிக்கொண்டது, போனவர் அமைதியடைந்துவிட்டார். கரைக்குத் திரும்பினால் அவர் அங்கே, இறந்தவர்களிடம், போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். செவ்வந்தி எப்படித் திரும்பும்? ஓர் அலையில் பிய்ந்து இதழ் இதழாகப் போய்விடும். எல்லோருக்கும் மனம் ஆறிவிடும். நல்ல ஏற்பாடுதான். முதல் வருஷம் அம்மாவின் செவ்வந்தி மாலையையும் கடல் அப்படித்தான் வாங்கிக்கொண்டது. அவள் ஈர மணலில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றுவதிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது, நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, அதுவரை கழற்ற மறுத்திருந்த தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த வருஷம் பிரான்சிலிருந்து பெரிய மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். தாத்தா கல்லறைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று பிளாஸ்டிக் பூமாலைகள் கொண்டுவந்திருந்தார். ஊதா ரோஜா, பச்சை இலை, இலைமேல் பனித்துளிகூட இருந்தது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

"வெயிலு மழை எதுக்கும் அசையாது. வாடவே வாடாது" என்றார் மாமா, தானே நட்டுப் பூக்கவைத்ததுபோல.

அம்மா பூரித்துப்போனாள். வாடுகிற பூவைவிட வாடாத பூ உசத்தி என்பதில் எங்கள் யாருக்கும் அப்போது சந்தேகமே இல்லை.

அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அதை அலையில் விட்டோம். மிதந்தது. வெகுநேரம் மிதந்துகொண்டே இருந்தது. இருட்டிய பிறகு மறைந்துவிட்டது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு வீடு வந்தோம். சில நாள் கழித்து, எங்கள் தெருவில் மீன் விற்க வரும் பட்டினச்சேரிப் பெண் அதைக் கூடைக்கு மேல் வைத்துக் கொண்டுவந்தாள். ஓர் இதழ்கூட உதிரவில்லை.

"எங்க கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. இந்த மாதிரி பூவு வேற யாரு வீட்டுல இருக்கும்னு எடுத்தாந்தேம்மா."

அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "கடலு வாங்கிக்கலை. அவங்க அங்க இல்லை" என்றாள். அன்று மாலையே பெட்டியைத் திறந்து தாலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். இங்கே மிதப்பது எதுவானாலும் பட்டினச்சேரிப் பக்கம்தான் ஒதுங்கும். நான் சொன்னேன், பங்குச் சாமியார் சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாமாமீது எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை. பாவம், அவர் ஆசையாகக் கொண்டுவந்தார். இருந்தாலும் தீரவில்லை.

விடிந்ததும் கடற்கரைக்குப் போவது அவளுக்கு வேலையாயிற்று. முதலில் கரையில் கிடந்தவை தென்னை மட்டை, சிப்பி, கட்டைத்துண்டு. எப்போதாவது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குவளை. எண்பதுகள் வந்ததும் எல்லாம் சேர்ந்து வந்தன: நைலான் வலைத்துண்டு, எண்ணெய் டப்பா, உடைந்த சீப்பு, ஒற்றைச் செருப்பு, ஜவுளிக்கடைப் பை. கடைத்தெருவில் இலையும் காகிதமும் போய் எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கிய காலம். பையை ஆற்றில் எறிந்தோம். ஆறு கடலுக்குக் கொண்டுபோயிற்று. கடலில் போட்டது போய்விடும் என்பதுதான் எங்கள் ஊரின் எண்ணம். பூவுக்கும் அதுதான், குப்பைக்கும் அதுதான்.

ஆண் செருப்பு கிடைத்தால் அம்மா எடுத்து அளவு பார்ப்பாள். அப்பாவின் அளவு என்று தோன்றினால் வாசலில் கொண்டுவந்து வைப்பாள். நான் தூக்கி எறிவேன். அடுத்த வாரம் வேறொன்று இருக்கும். எங்கள் கடற்கரையில் செருப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒருமுறை கழுத்தில் வலைத்துண்டு இறுகிச் செத்த ஆமை ஒன்று ஒதுங்கியிருந்தது. அம்மா அதைத் தாண்டிப் போய்ச் செருப்பைத் தேடினாள். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். "கடலுக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்றாள் அம்மா, பலகாரத் தட்டை நீட்டியபடி. ஊருக்கே தெரிந்த விஷயம். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளைகளாக எழுந்து போனார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. அவருக்காக ஒரு பூசை கிடையாது, ஒரு ஜெபம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காலை, பட்டினச்சேரியிலிருந்து ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு அம்மாவைத் தேடி வந்தாள். கையில் ஈரப் பை. அவள் கணவன் போன படகும் அந்த வருஷம் திரும்பவில்லை. அதற்குள் பிளாஸ்டிக் மாலை எங்கள் கடைத்தெருவிலேயே கிடைத்தது.

"கருமாதி பண்ணியாகணும்னு எங்க வீட்டுல நிக்கிறாங்கக்கா. நான் விடலை. கடல்ல போட்ட மாலை திரும்பி வந்துடுச்சு." பையைத் திறந்து காட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. "உங்களுக்கும் வந்துச்சாமே. உங்களப் பாத்தா தெம்பா இருக்கும்னு வந்தேன்."

அம்மா மாலையை எடுத்துப் பார்த்தாள். பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பிளாஸ்டிக்கும்மா. யாரு போட்டாலும் திரும்பி வரும். கரையில எவ்வளவு கெடக்குன்னு நீ பாக்கலையா?"

"அப்ப உங்க வீட்டுக்காரங்க?"

"செத்துட்டாங்க" என்றாள் அம்மா. "மொத வருஷமே தெரியும். இந்தப் பாழாப்போன பூவு வந்துச்சு, அதைப் பிடிச்சிக்கிட்டேன். நீ பிடிச்சிக்காத. சின்னப் புள்ளைய வச்சிருக்க. போயி காரியத்தைப் பண்ணச் சொல்லு."

அந்தப் பெண் அப்படியே தரையில் சரிந்து அழுதாள். அம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். வெகுநேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"கோயிலுக்குப் போயி பூசைக்குச் சொல்லிட்டு வா. யாரு ஆன்மாவுக்குன்னு சாமியார் கேப்பாரு."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நான் போனேன். சாமியார் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது. அவர் போய் இத்தனை வருஷத்தில், அவருக்காக நான் அழுத முதல் அழுகை அது.