விட்டுக்கொடுத்த பிடிகள்

என் குதிக்கால் கணக்கு ரீச்சரின் காதோரத்தில் பட்ட கணத்திலேயே நான் பிடியை விட்டுவிட்டேன். விட்டதோடு நில்லாமல் அவருடைய தோளைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். பாயில் மல்லாந்து கிடந்த ரீச்சர், கலைந்த நரைமுடியை ஒதுக்கியபடி எழுந்து உட்கார்ந்து, "உதென்ன பிள்ளை, கோயிலுக்கோ வந்தனீ?" என்றார். சுற்றி நின்ற வகுப்புப் பெட்டைகள் சிரித்தார்கள். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டுமென்று சிறு வயதில் பழக்கியது கையில் ஊறிவிட்டது. அது என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதுவும் பத்தாம் வகுப்பில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர் மேல் கால் பட்டால் எப்படிச் சும்மா இருப்பது?

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட, ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்கென்று பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பு நடக்கிறது. குத்தும் உதையும் இல்லாத சண்டை அது. நிலத்தில் ஒருவரையொருவர் பிடித்து அழுத்தி மடக்க வேண்டும். தாங்க முடியாதவர் இரண்டு தரம் தட்டினால் மற்றவர் உடனே விட வேண்டும். நான் சேரும்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, மகளுக்கு நான்கு. அவள் பிறந்த நாளிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் பயம். கேற்றைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். தொண்டையில் அடைத்துவிடுமென்று திராட்சைப் பழத்தை நான்காக வெட்டித்தான் கொடுப்பேன். உடம்பில் கொஞ்சம் பலம் வந்தால் மனமும் அடங்குமோ என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகு, பிள்ளையை விட்டுவிட்டு வருவது சரியா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. "பிள்ளையும் பெத்தாப் பிறகு பாயிலை புரண்டு பழகப் போறாவாம்" என்று, மகளுக்குச் சோறு தீத்தியபடியே என் மாமி சொல்வார்.

வகுப்பில் மற்ற எல்லோரும் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தவர்கள். இரண்டாவது கிழமை, நீளக் காற்சட்டையும் மகனுடைய பழைய ரீசேட்டுமாக ரீச்சர் படியேறி வந்தபோது நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். ஓய்வு பெற்று, கணவரையும் இழந்து, அச்சுவேலியில் தனியாக இருந்தார். வயது அறுபத்தொன்று. ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "செத்தவீட்டுக்குப் பிறகு சனம் என்னை முட்டையைத் தொடுற மாதிரித் தொடுகுது" என்றார். "கையைப் பிடிச்சுப் படியிறக்குதுகள். எனக்கென்ன, கால் இல்லையோ?"

வயதில் மூத்தவர்கள் நாங்கள் இருவரும் என்பதால் பயிற்றுநர் எங்களைச் சோடி சேர்த்துவிட்டார். முதலில் பழகியது, மேலே அழுத்திக் கிடப்பவரிடமிருந்து தப்பி வருவது. இடுப்பை நகர்த்தி, முழங்காலை இடையில் நுழைத்து, வெளியே வர வேண்டும். ரீச்சர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணிக்கொண்டு செய்வார். என் நெஞ்சுக்குக் கீழே அவருடைய விலா எலும்புகள் தெரியும். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். 'இரண்டு' வருவதற்குள் நான் கையைத் தளர்த்திவிடுவேன். அவர் வெளியே வந்ததும் பெட்டைகள் கைதட்டுவார்கள். எட்டு மாதம் அப்படியே போனது. நல்ல பிள்ளையாக ஒரு காரியம் செய்த நிறைவோடு, நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கடந்து ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போவேன்.

பிறகு ரீச்சருக்குக் கனடாவுக்கு விசா வந்தது. மகன் கூப்பிடுகிறான், நான்கு கிழமையில் பயணம். அன்று பாயில் இறங்குமுன் என்னைப் பார்த்து, "ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. நான் வெளியிலை வாறது என்ரை பலத்திலையோ, நீ விட்டோ?" என்று கேட்டார்.

"இல்லை ரீச்சர், நீங்களாத்தான்..."

வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "முப்பது வருசம் நான் பிழைக்குச் சரி போட்டதில்லை. எனக்கும் ஒருத்தரும் போட வேண்டாம். இது தெரியாமல் என்னாலை பிளேன் ஏற ஏலாது. இண்டைக்கு விடாதை."

விடவில்லை. விலா எலும்பு ஏதும் முறிந்தால் மகனுக்கு என்ன சொல்வது, காலையில் பிரஷர் குளிசை போட்டாரோ இல்லையோ என்றெல்லாம் மனம் ஓடியது. கால் மறுபடியும் அவர் மேல் பட்டது. தொட்டுக் கும்பிடக் கை எழும்பியது, அதை அவர் தோளுக்கடியில் திருப்பிச் செருகினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்று வரவில்லை. என் முதுகில் இரண்டு தரம் தட்டினார்.

கூரை விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். "அப்ப எட்டு மாசமும் நீ விட்டதுதான்" என்றார். அவரிடமிருந்து எதையோ பறித்துவிட்டதுபோல இருந்தது. இன்றும் சில நேரம், ஒரு பொய்யோடு அவரைச் சந்தோசமாக அனுப்பியிருக்கலாமோ என்று நினைப்பதுண்டு. ஆனால் அவர் எழுந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சரி. எங்கை நிக்கிறனெண்டு இப்ப தெரியுது. இன்னும் மூண்டு சனிக்கிழமை கிடக்கு. விட்டியோ, பிறகு உன்னோடை கதைக்கமாட்டன்" என்றார்.

பயண அலுவல்களால் அடுத்த இரண்டு சனியும் அவரால் வர முடியவில்லை. கடைசிச் சனிக்கிழமை, என் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தபோது, வயிற்றின் இடப்பக்கத்தில் கட்டையால் இடித்ததுபோல ஒன்று வந்து நின்றது. ரீச்சரின் முழங்கால். எவ்வளவு அழுத்தியும் அது பின்வாங்கவில்லை. அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. அப்படியே இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க, நேரம் முடிந்தது என்று பயிற்றுநர் கை தட்டினார்.

"கொஞ்சம் நேரம் இருந்திருந்தா முழுசா வந்திருப்பியள்" என்றேன், பழக்கதோசத்தில்.

"வாயை மூடு. அரைவாசிதான். ஆனா என்ரை" என்றார் ரீச்சர்.

அவர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது என்னோடு சோடி சேர்வது பதினெட்டு வயதுப் பெட்டை. அவளுக்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ரீச்சரின் முழங்கால் பட்ட இடம் அந்தக் கடைசிச் சனிக்கிழமை மாலையே கன்றிப்போயிருந்தது. மாமி பார்த்துவிட்டு எண்ணெய் தடவச் சொன்னார். நான் தடவவில்லை. செவ்வாய்க்கிழமை ரீச்சர் பிளேன் ஏறும்போது அது மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கிணற்றடியில் குளிக்கும்போது, இன்னும் நோகிறதா என்று ஒவ்வொரு நாளும் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நோகவில்லை.